தண்ணீர் ஊற்ற வந்தவர்

என் கல்யாணத்துக்காக வெட்டுவதென்று முடிவான மாமரம், வெட்ட ஆள் வரச் சில நாள் இருக்கையில் பூத்துத் தொலைத்தது. அதுவும் ஒக்டோபரில். மா பூக்கிற மாதமா அது?

எனக்கு மூத்தவள், என் ராத்தா அஸீஸா நட்ட மரம் அது. சுனாமி சாய்ந்தமருதுக்குள் ஏறிய காலையில் ராத்தாவை அலை கொண்டுபோனது. உப்புத் தண்ணீர் குடித்த மரம் இலையெல்லாம் கருகி மிஞ்சி நின்றது. ராத்தாவின் மாப்பிள்ளை சீனிமுகம்மது மச்சான், கல்முனையில் தான் வேலை செய்த துணிக்கடையிலேயே படுக்கப் போய்விட்டார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. பெண் போய்விட்டால் மருமகனுக்கு அங்கே என்ன இருக்கிறது? அதிலும் குமர்ப்பெண் நான் இருக்கிற வீடு. ராத்தாவின் இடத்துக்கு என்னைக் கட்டிவைக்கப் பார்த்தவர்களும் உண்டு. மச்சானோ, சுஹறா எனக்குத் தங்கச்சி என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஆனால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் சைக்கிளில் நல்ல தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் கிணறு உப்பாகிக் கிடந்தது. மரத்துக்கு ஊற்றுவார், உம்மா கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிப்பார், போவார். கிணறு தெளிந்தது, மரமும் தளிர்த்தது. அவர் நிறுத்தவில்லை. கோடை முழுக்க வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். மரம் கொழுகொழுவென்று தழைத்ததே தவிர ஒரு பூவும் வைக்கவில்லை. இதற்கா இவ்வளவு உபசாரம் என்று கேலி செய்வேன். சிரித்துவிட்டுப் போவார்.

யுத்தம் முடிந்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். வீடு என் பெயருக்கு வந்தது. மாப்பிள்ளையின் தாய் வந்து பார்த்துவிட்டு, இன்னோர் அறை வேண்டும், மரம் நிற்கிற இடம்தான் தோது என்றார். உம்மா தலையாட்டினார். மச்சானிடம் சொன்னபோது அவரும், காய்க்காத மரந்தானே என்றார். மறுநாளிலிருந்து வரவில்லை. வெட்டப்போகிற மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. சாகாமக் குளம் வற்றி, வயலெல்லாம் வெடித்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். எங்கள் மரமும் இலை சுருண்டு நின்றது. உம்மாவோ அஸருக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றி வைத்து, ஆறியதும் கொண்டுபோய்க் கொட்டினார். பார்க்க எனக்கு எரிச்சலும் அழுகையுமாக வந்தது. பிறகு ஒரு மழை பெய்தது. அது விட்டுக் கொஞ்ச நாளில் கிளைக்குக் கிளை பூ.

அதிசயம் என்று உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அசரவில்லை. மா காய்ந்தால்தான் பூக்கும், கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் இலைதான் தழைக்கும் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் அந்த மனிதர் முதுகொடிய இறைத்தாரே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

"சொல்லியிருந்தா, மனிசன் என்ன சாட்டுச் சொல்லி இஞ்ச வாற?" என்றார் உம்மா.

தண்ணீர்தான் அவர் இங்கே வரக் கிடைத்த சாக்கு. ராத்தாவைப் பற்றி உம்மா அலுக்காமல் கதைக்கக் கிடைத்தவர் அவர் ஒருவர்தான். மரம் போனால் அவரும் போய்விடுவார். இது தெரிந்தும் என் கல்யாணம் குழம்பக்கூடாதென்று உம்மா தலையாட்டியிருக்கிறார்.

அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். அறையைக் குசினிக்குப் பின்னால் கட்டலாம், மரம் நிற்கும், வீடு என்னுடையது என்று. உம்மா நடுங்கிப்போனார். ஒரு வாரம் அங்கிருந்து மூச்சில்லை. நானும் வாயைக் கட்டியிருக்கலாமோ என்று உள்ளுக்குள் பயந்துதான் கிடந்தேன். கடைசியில் மாப்பிள்ளையே பதில் சொல்லியனுப்பினார், தனக்கு மாங்காய்ச் சம்பல் விருப்பமாம்.

பிறகு மச்சானுக்கு ஆள் அனுப்பினேன். வந்தவர் மரத்தடியில் நின்று நெடுநேரம் மேலே பார்த்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. பழக்கத்தில் கை வாளியை எடுத்தது. நான் அதை வாங்கிக் கிணற்றடியில் வைத்தேன்.

"இனித் தண்ணி ஊத்தத் தேவல்ல மச்சான். சும்மா வாங்க."

வாளி இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார். உம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுத்தார்.