ஐந்து மாத இடைவெளி

அகில இலங்கை சமாதான நீதவான் வினாயகமூர்த்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் மறுபடி பார்த்தார். கல்லடியில் அவருடைய வீட்டு வாசலில் தொங்கும் பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். யாரையும் நம்பாதிருப்பது அந்தப் பதவியோடு வந்து சேர்ந்த நோய். கோயில் நோட்டீசிலும் திகதியைச் சரிபார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார்.

எதிரே அன்னப்பூரணி. பிரான்சிலிருக்கும் அவள் கணவன் உதயரூபன், குடும்பத்தைக் கூப்பிட விசா விண்ணப்பம் அனுப்பியிருந்தான். அதில் பிள்ளைகளின் விபரம் நிரப்ப வந்திருந்தாள்.

"கஜானி தொண்ணூற்றொம்பது மார்ச். பிரதீஸ் அதே வருசம் ஓகஸ்ட். இடையில அஞ்சு மாசம். எப்பிடிப் புள்ள?"

"கஜானி என்ட தங்கச்சிட புள்ள ஐயா. தங்கச்சி சுனாமியில போயிற்றாள். அப்ப என்ட புள்ளதானே?"

"பிரான்சுக்காரன் அப்பிடிச் சொல்லமாட்டான்." வினாயகமூர்த்தி நிமிர்ந்தார். கள்ளப் பதிவு! நாளைய பேப்பரில் தன் படம் எந்தப் பக்கத்தில் வருமென்றுகூட யோசித்துவிட்டார். "இந்தப் பதிவுக்கு அத்தாட்சி குடுத்தவன் ஆர்? அவனப் பிடிச்சு உள்ளுக்குப் போடோணும்."

அன்னப்பூரணி பையிலிருந்து ஒரு பழைய அத்தாட்சிக் கடிதத்தை எடுத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. தன் பக்கத்திலிருந்தே விரித்துக் காட்டினாள். இரண்டாயிரத்து ஐந்து, அகதிமுகாமாயிருந்த பள்ளிக்கூடம். யுத்தத்தில் பதியாமல் விட்ட பிறப்புகளுக்கு அவர் வரிசையாகக் கையெழுத்து வைத்த நாள். நிவாரணம் கொண்டுவந்த வெள்ளைக்காரர் படமெடுத்ததால் கை மட்டும் தாளிலும் முகம் கமராவிலும் இருந்தன. 'இவர் பெற்ற பிள்ளை என்பதை நன்கறிவேன்.' கீழே அவருடைய முத்திரை, கொஞ்சமும் மங்காமல்.

"அண்டைக்கே தங்கச்சிட புள்ளையெண்டு சொன்னன். நீங்கதான், 'கதையச் சுருக்குகா, புள்ளதானே' எண்டு எழுதினீங்க."

வினாயகமூர்த்தி தண்ணீர் குடித்தார். சட்டம் திடீரென்று இளகிவிட்டது.

"இப்ப பொடியன மட்டும் போடுவம். இவள மறுகா கூப்பிடலாம். ரத்தம் எடுத்து ஆர்ட புள்ளையெண்டு பாத்தாங்களெண்டா ஒருத்தருக்கும் விசா கிடைக்காது."

அது உண்மைதான். ஆனால் அவள் அவரைப் பார்த்த பார்வை, இத்தனை வருசம் அவர் ஊரைப் பார்த்துவந்த பார்வை.

"மறுகா கூப்பிடுறனெண்டு போனவர், மூணு வருசமாயிற்று. இவள விட்டுட்டுப் போனா ஆர் கூப்பிடுவா?"

"வளத்த புள்ளையெண்டு உண்மைய எழுதினா, இந்தக் கடிதம்..." மிச்சத்தை விழுங்கினார்.

"உண்மைய எழுதுங்க, பொய்ய எழுதுங்க. அவட பேர் அதில இருக்கோணும்."

அவர் எழுதினார். பேனா நுனியை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. கஜானி என்ற பெயர் கட்டத்துக்குள் விழுந்தது. அடுத்த கட்டம், உறவுமுறை. பேனா அங்கே நின்றது.

வெளியே மணலில் ஒரு சைக்கிள் சறுக்கியது.

"இறங்குடி, இப்ப என்ட முறை!"

"நான்தான்டா மூத்தவள். பின்னுக்கு ஏறு!"

அவர் ஜன்னலால் எட்டிப்பார்த்தார். பெட்டை எழும்பி நின்று மிதிக்க, பொடியன் அவள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். சைக்கிள் வளைந்து வளைந்து, ஒழுங்கையை முழுதாக அடைத்துக்கொண்டு போனது.