யார் எங்கே உட்காருவது

எங்கள் இளைஞர் ஆலோசனை மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே உட்காருவது என்பதை வருகிற பிள்ளைதான் சொல்ல வேண்டும். அன்று என்னிடம் ஆலோசனைக்கு வந்தவள், படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த பெண். அவளுடைய அண்ணன் கொண்டுவந்து விட்டு, “போற ஆபீஸ்லல்லாம் சத்தம் போட்டு வெரட்டிட்டாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

“நான் எங்க உக்காரணும்மா?” என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. “வெளிய.”

வழக்கம் வழக்கம்தானே, வெளியே போனேன். பின்னாலேயே தாழ்ப்பாள் விழுந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. மேஜைமேல் கத்தரிக்கோல் வேறு.

“கதவைத் திறம்மா.”

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். ஜன்னல் பக்கமாகவா? எனக்குக் கைகால் வெலவெலத்தது. காவலாளியைக் கூப்பிட வாயெடுத்தேன். சத்தம் போட்டால் மிரண்டு ஏதாவது செய்துவிட்டால்? போன இடமெல்லாம் சத்தம் போட்டுத்தானே இவளை விரட்டியிருக்கிறார்கள்! வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்துவிட்டு அவள் நேரே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்களுக்கான நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டிருந்தாள்.

என் கைகளையே பார்த்தாள். அவை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“வாங்க மேடம், உக்காருங்க. எனக்கு எந்த ஆபீஸ் வாசல்லயும் இப்படித்தான் நடுங்கும்.”