ஷாரோனுக்கு ஒதுக்கிய நேரம்

எனக்கும் ஷாரோனுக்கும் ஒரே கைடு, ஒரே லேப், ஒரே புளியங்குடி எலுமிச்சை. முனைவர் பட்டத்துக்கு நான் அதன் சொறிநோயை ஆராய்கிறேன், அவள் வேரழுகலை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து நின்றால்கூட அவளிடம்தான் எல்லாரும் வழி கேட்பார்கள். அதுவே எனக்குப் பிடிக்காது.

குற்றாலத்தில் நடந்த சர்வதேசக் கருத்தரங்கிற்கு ஜப்பானிலிருந்து பேராசிரியர் மொரிட்டா வந்திருந்தார். இங்கிருந்து ஒரு மாணவரைத் தன் லேபுக்கு அழைத்துப் போவார் என்று கைடு சொல்லியிருந்தார். ஒரே ஒருவர். அது நானாகத்தான் இருக்கவேண்டும்.

காலையில் நிறைந்த அரங்கில் பேசினேன். மொரிட்டா தலையாட்டினார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மதியம் ஷாரோன் பேசவேண்டும். சாப்பாட்டு வரிசையிலேயே அவளைக் கூப்பிட்டு, தலைப்பு நன்றாக இருக்கிறது என்றாராம் மனுஷர். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி என்னத்தைக் கண்டுவிட்டார் அவளிடம்?

அவள் மேடையேறும் நேரம் பார்த்து, ஐந்தருவியில் கடை வைத்திருக்கும் பேச்சிராஜ் அண்ணன் வீடியோ அனுப்பினார். வெள்ளத்தால் குளிக்கப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டார்களாம். யோசிக்கவே இல்லை. கருத்தரங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். கூடவே, "வேன் வெளியே நிற்கிறது" என்றும்.

முதல் ஸ்லைடு வருவதற்குள் நாற்காலிகள் கரகரவென்று இழுபட்டன. கைடே துண்டைத் தேடினார். நானும் கிளம்பிவிட்டேன். அருவிக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு, "பேசுட்டி, நாற்காலிகிட்ட நல்லா பேசு" என்று வாய்விட்டே சொன்னேன். அப்படி ஒரு சுகம்!

குளித்து முடித்ததும் மொரிட்டாவைத் தேடினேன். சூடாக ஒரு பஜ்ஜியை வாங்கிக் கொடுத்து என் ஆய்வைப் பற்றிப் பேசலாம் என்று திட்டம்.

"அவரு வேன்லயே ஏறலையேம்மா" என்றார் கைடு.

ஈரத் தலையோடு ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். காலி அரங்கில், மேடைக்குக் கீழே, இரண்டு நாற்காலியை நெருக்கிப் போட்டு ஷாரோனும் மொரிட்டாவும் லேப்டாப்பில் குனிந்திருந்தார்கள். அவர் டீ எடுக்க எழுந்து போனதும் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கூட்டம் இருந்திருந்தா கால் மணி நேரத்துல மணியடிச்சு எறக்கிவிட்டிருப்பாவ. இவ்வளவு நேரமும் கேள்வியா கேட்டாருட்டி! என்னையவே வரச் சொல்லிட்டாரு. நீ மட்டும் அந்த வீடியோவப் போடலன்னா..."

என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நல்லா இருட்டி" என்றேன்.

பாவி மகள், அதையும் நம்பினாள்.