இரண்டாவது ஓட்டை

வண்டி நிற்கும் இடம் எனக்கு மனப்பாடம். எங்கள் கடையிலிருந்து கிளம்பி, பெட்ரோல் பங்க், மரக்கடை, ரயில்வே கேட் எல்லாம் தாண்டி, லாரிகளுக்கு எடை போடும் எடைமேடைப் பக்கம் போனதும் இருமும். பிறகு படுத்துவிடும். எத்தனை உதைத்தாலும் எழுந்திருக்காது. அதுவும் எல்லா நாளும் இல்லை. மார்க்கெட்டுக்கும் பேங்குக்கும் குதிரை மாதிரி ஓடும். நான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் மட்டும் அதற்கு நோய் வரும்.

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நான் படித்த படிப்புக்கு உரிய வேலை. கல்யாணமானதிலிருந்து நான் பார்த்ததெல்லாம் மாமனாரின் எண்ணெய்க் கடைக் கல்லாவைத்தான். கடைக்குப் பின்னால் வீடு. அடுப்படியிலிருந்து கல்லாவுக்கு, கல்லாவிலிருந்து அடுப்படிக்கு. செக்குமாடாவது வெட்டவெளியில் சுற்றும்.

கணவருக்குக் கப்பலில் வேலை. எனக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, சாவியை என்னிடமும் என்னைத் தன் அப்பாவிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மாமாவும் நானும்தான்.

மாமா என்னைத் தடுத்ததே இல்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "போயிட்டு வாம்மா, யாரு வேணாங்கறா" என்பார். அவ்வளவு நல்ல மனிதரிடம் எதை எடுத்துச் சண்டை போடுவது?

பஸ் சரிப்படாது. முதல் பஸ் அந்த ஊருக்குப் போய்ச் சேரும் நேரத்தில் பாதி நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து முடித்திருப்பார்கள். அதனால் வேலையில் சேர வேண்டிய அன்று, டேங்கை நிறைத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பினேன். எடைமேடையில் நின்றது. காவலாளி வந்து டேங்க் மூடியைத் திறந்து பார்த்து, "பெட்ரோல் நிறைய இருக்கேம்மா" என்று மூடிவிட்டு உதைத்தார். கிளம்பிவிட்டது. ஆள் அரவமில்லாத இடத்தில் மறுபடி நின்றது. மாமாவின் போன் வந்தது. "வண்டி நின்னுடுச்சா? உசுரைவிடவா வேலை? திரும்பி வந்துடும்மா." இவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ என்று நெகிழ்ந்துபோனேன்.

இன்னொரு நாள் குறித்தார்கள். அன்றும் அதே எடைமேடை, அதே போன். லேப் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்மா."

எங்கள் தெரு மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைக் கொண்டுபோய் விட்டால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பான். பிறகு ஒரு உதை. உடனே கிளம்பும்.

"பல்வலிக்காரனுக்கு டாக்டரைப் பாத்ததும் வலி நின்னுடும்ல, அது மாதிரிக்கா."

பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழுவினான். கடைசியில் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒருவேளை நீங்க ஓட்டறதுலதான் ஏதாச்சும்..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அதானே? வைடா ஸ்பேனரை" என்று வண்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டேங்கை நிறைத்துக்கொண்டு, வேண்டுமென்றே எடைமேடைவரை போனேன். சொல்லி வைத்தாற்போல் நின்றது. இந்தத் தடவை யாரையும் தொட விடவில்லை. பிளக்கைக் கழற்றி உதைத்துப் பார்த்தேன், பொறி பறந்தது. பெட்ரோல் குழாயை உருவினேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. மேலே டேங்க் தளும்புகிறது, கீழே குழாய் காய்ந்து கிடக்கிறது.

ஊசி போடும் சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்தால் கொஞ்சம்தான் வரும், பிறகு அதுவே நம்மை உள்ளே இழுக்கும். படிக்கும்போது விளையாடிய விளையாட்டு. சட்டென்று டேங்க் மூடியைத் திருகித் தூக்கினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. குழாய் தானாக ஒழுக ஆரம்பித்தது.

இத்தனை நாளும் எல்லோரும் முதலில் செய்தது இதைத்தான். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தார்கள். அதிலேயே நோய் தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகு நோயைத் தேடினோம். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, சீக்கிரம் நிற்கும். மார்க்கெட் போகும் அரை டேங்கில் தெரியவே தெரியாது.

மூடியைப் புரட்டினேன். காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் சாம்பல் நிறப் பசை இறுகிக் கிடந்தது. எண்ணெய் டின் ஒழுகினால் எங்கள் கடையில் பூசுகிற பசை.

நேராகக் கடைக்கு வந்து, மூடியைக் கல்லாமேல் வைத்தேன்.

"இதுல பசை வச்சது யாரு மாமா?"

"நான்தாம்மா. மழைத்தண்ணி உள்ள இறங்கிடுமேன்னு அடைச்சேன். ஏன், அதனாலயா நிக்குது? ஐயையோ! வண்டியைப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்?"

முகம் வாடிவிட்டது. பாவம், பெரிய மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கே கூசியது. அதற்குள் ஹோட்டல்காரர் கேனோடு வந்து நின்றார். மாமா புது டின்னை இழுத்து வைத்து, ஆணியும் சுத்தியலும் எடுத்தார். ஒரு மூலையில் ஓங்கி ஓர் அடி. கை தன் பாட்டுக்கு எதிர் மூலைக்குப் போனது. இரண்டாவது அடி.

முதல் ஓட்டை எண்ணெய்க்கு. இரண்டாவது காற்றுக்கு. நான் வந்த புதிதில் ஒரே ஓட்டை போட்டுவிட்டு டின்னை உலுக்கிக்கொண்டு நின்றபோது, அவர்தான் சிரித்தபடி சொல்லிக்கொடுத்தார். "காத்து உள்ள போனாத்தாம்மா எண்ணெய் வெளிய வரும்."

ஆணியைப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த இரண்டாவது ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல்காரர், "ஊத்துங்க பெரியவரே, அடுப்பு காயுது" என்றார். மாமா ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தாதவர், அன்று கேன் வழிய ஊற்றினார்.

ஹோட்டல்காரர் போனதும் கேட்டேன். "தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

முக்காலியில் உட்கார்ந்தார்.

"லாரி போற ரோட்டுல, இருட்டுல, வண்டி நின்னா எனக்கு என்ன ஆகும்னு நினைச்சீங்களா மாமா?"

"நினைச்சேம்மா. அதான் போன் பண்ணிட்டே இருந்தேன்."

"பசையை எடுத்திருக்கலாமே!"

கைத்துண்டால் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். "அவன் கப்பலுக்குப் போறேன்னான், சரின்னேன். உன் அத்தை போறப்ப என்னை யாரும் கேக்கல. நீயும் போயிட்டா, நான் யார்கிட்டம்மா பேசறது?"

"சாயங்காலம் வந்துடுவேனே."

"அவனும் சீக்கிரம் வந்துடுவேன்னுதான் சொன்னான்."

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தெருவே கூடும்படி கத்தியிருப்பேன். இந்த மனிதரிடம் கத்த வாய் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பூட்டி வைத்தவன் மேல் இரக்கமும் வந்துவிட்டால் பூட்டை எப்படி உடைப்பது?

"ஆணியைக் கொடுங்க" என்றேன்.

கூர்முனையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தலைப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். அவர் பழக்கம் அது. என் கையில் எதுவும் குத்திவிடக் கூடாது. நான் உட்கார்ந்து பசையைச் சுரண்டி எடுத்தேன். மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்றுப் போனது.

திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பியபோது அவர் கதவைத் திறந்துவிட்டார். மரக்கடை தாண்டியது, ரயில்வே கேட் தாண்டியது. எடைமேடையில் என்னைப் பார்த்ததும் காவலாளி வழக்கம்போல நாற்காலியிலிருந்து எழுந்தார். வண்டி இருமவில்லை.

அப்போதுதான் கைப்பையில் போன் அடித்தது. யாரென்று பார்க்கத் தேவையில்லை. நான் எடைமேடைக்கு வந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோதும் அடித்துக்கொண்டிருந்தது.