இரவல் எலும்புக்கூடு

டாலிவர் ஊரில் கறுப்பர் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் லூசியஸ் கெய்தரை ஊரே புரொபசர் என்றுதான் கூப்பிட்டது. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. ஒரு கறுப்பரை 'மிஸ்டர்' என்று அழைத்தால் நாக்கு அழுகிவிடும் என்பதுபோல் மிசிசிப்பி வெள்ளைக்காரர்கள் நடந்துகொண்ட காலம் அது. பருத்திக்காட்டுக் கூலியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், கிழவனை 'அங்கிள்' என்று சொல்லிச் சமாளிக்கலாம். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கிறவரை என்ன செய்வது? அதற்காகக் கண்டுபிடித்த பட்டம்தான் புரொபசர்.

கெய்தருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அந்தப் பட்டத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வீட்டுக் கதவில் அறைந்திருந்தார். அவர் மனைவிக்குக் கோபம் வரும் நாட்களில் அந்தத் தகடு துடைக்கப்படாமல் இருக்கும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மாநிலக் கல்வி அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வருவார்கள். அன்று காலையில் வெள்ளையர் பள்ளியிலிருந்து ஒரு லாரி வரும். நுண்நோக்கிகள், உலக உருண்டை, தடித்தடியான கலைக்களஞ்சியங்கள், கடைசியாகத் துணியில் சுற்றி இரண்டு பேர் தூக்கி வரும் ஒரு மனித எலும்புக்கூடு. அதிகாரிகள் பார்ப்பார்கள், மெச்சுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், வறுத்த கோழியும் பீச் பழப் பணியாரமும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் லாரி எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும். இதற்கு நடுவில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் கெய்தர் பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லி, வரிசையில் நிறுத்தி, எலும்புக்கூட்டை எட்ட நின்று பார்க்க வைப்பார். தொடக் கூடாது. இரவல் பொருள்.

பள்ளிகளை நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று வாஷிங்டனில் பெரிய நீதிமன்றம் சொல்லிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி டாலிவருக்கு இன்னும் வந்து சேராததுபோலத்தான் எல்லோரும் இருந்தார்கள். வெர்லீன் என்ற சலவைக்கடைப் பெண் அதைக் கொண்டுவந்து சேர்த்தாள். அவள் கெய்தரின் பழைய மாணவி. தன் மகள் ஆனிஸை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று வழக்குப் போட்டாள். அந்த வாரமே சலவைக்கடைக்காரருக்கு அவள் போடும் இஸ்திரியில் சுருக்கம் தெரிய ஆரம்பித்தது. வேலை போயிற்று.

கல்விக் கண்காணிப்பாளர் ஹக்கபி, கெய்தரைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"புரொபசர், நீ கோர்ட்ல வந்து நாலு வார்த்தை சொன்னாப் போதும். உங்க ஸ்கூல் எங்க ஸ்கூலுக்குக் கொஞ்சமும் கொறைச்சல் இல்ல, உங்க ஜனங்க சந்தோஷமாத்தான் இருக்காங்கன்னு."

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சுற்றி வளைத்துச் சொன்னார். கேஸில் தாங்கள் தோற்றால் கறுப்பர் பள்ளியை மூட வேண்டிவரும். ஒரு பள்ளிக்கு எதற்கு இரண்டு தலைமையாசிரியர்? ஜெயித்தாலோ, கெய்தர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் செங்கல் கட்டடம் அடுத்த வருஷமே எழும்பும். கெய்தர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கட்டடத்தைப் பற்றி மட்டும் சொன்னார். அவள் தகட்டைத் துடைக்கவில்லை.

வழக்கு நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. கீழே வெள்ளைக்காரர்கள், மேல்மாடத்தில் கறுப்பர்கள். இரண்டு இடத்திலும் சவ அடக்கக் கடைக்காரர்கள் இனாமாகக் கொடுத்த அட்டை விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. கெய்தர் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தார். பள்ளி வாரியத்தின் வக்கீல் புகைப்படங்களைக் காட்டக் காட்ட, இது எங்கள் நுண்நோக்கி, இது எங்கள் உலக உருண்டை என்று தீட்டின பட்டாக்கத்தி மாதிரியான குரலில் சொல்லிக்கொண்டே போனார். முதல் வரிசையில் ஹக்கபி புதுமாப்பிள்ளை மாதிரி பூரித்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு வெர்லீனின் வக்கீல் ராயல் எழுந்தார். மாநிலத் தலைநகரிலிருந்து வந்த கறுப்பர்.

"மிஸ்டர் கெய்தர்," என்றார்.

அப்படி ஒரு சபையில், அவ்வளவு உரக்க, அந்தச் சொல்லை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. கெய்தர் ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ்டர் கெய்தர், இந்தப் படத்துல இருக்கிற எலும்புக்கூடு உங்க ஸ்கூலோடதா?"

"ஆமாங்க."

"ரொம்ப நாளா இருக்கா?"

"ரொம்ப நாளா."

"எந்த ஊர்லயும் பசங்க எலும்புக்கூட்டுக்குப் பேர் வைக்காம விடமாட்டாங்க. உங்க பசங்க இதுக்கு என்ன பேர் வச்சிருக்காங்க?"

அரைமணி நேரம் எட்ட நின்று பார்த்ததற்கு எந்தப் பிள்ளை பேர் வைக்கும்? ஏதாவது ஒரு பேர் வேண்டும், உடனே வேண்டும். வாயில் வந்தது.

"சாமுவேல்."

ராயல் ஏதோ கேட்கப் போனார். அதற்குள் கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஊரின் பெரிய மனுஷி மிஸ் யூலா தொப்பியோடும் கையுறைகளோடும் எழுந்து நின்றாள்.

"சாமுவேலா? அது கர்னல். எங்கப்பா பிலடெல்பியாவுலேந்து வரவழைச்சு நம்ம ஸ்கூலுக்குக் குடுத்தது. இடது கை சுண்டுவிரல் இல்ல பாருங்க. பந்தாட்டம் நடக்கிற அன்னிக்கெல்லாம் அதுக்கு உள்நாட்டுப் போர்ல நம்ம தெற்குப் படை போட்ட சாம்பல் கலர் தொப்பி மாட்டுவோம். இவன் என்னடான்னா சாமுவேல்ங்கறான்."

ஹக்கபி அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். நீதிபதி சுத்தியலைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, மெதுவாகக் கீழே வைத்தார். அம்மணிக்கு இதைச் சத்தியம் செய்து சொல்ல ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அவளுக்கு ஆட்சேபமே இல்லை. கூண்டேறி, தன் அப்பாவின் தாராள குணத்தையும், கறுப்பர் பள்ளிக்கு வருஷம் தவறாமல் கர்னலை ஒருநாள் இரவல் கொடுக்கும் தங்கள் பெருந்தன்மையையும், லாரி வாடகையைக்கூட வாரியமே ஏற்றுக்கொள்வதையும் விரிவாகச் சொன்னாள். அன்று வெர்லீன் தரப்புக்கு அவளைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

நீதிபதி கெய்தரைத் திரும்பவும் கூண்டில் ஏற்றினார். எலும்புக்கூடு யாருடையது?

"அவங்களோடதுங்க."

நுண்நோக்கி? அவர்களுடையது. உருண்டை? அவர்களுடையது. புத்தகங்கள்?

"அவங்களோடதுங்க."

"இந்தப் படத்துல உங்களோடது ஏதாவது இருக்கா?"

கெய்தர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எலும்புக்கூட்டின் காலடியில் மடித்துக் கிடந்தது ஒரு துணி.

"அந்தப் படுக்கை விரிப்பு. கீறல் விழக் கூடாதுன்னு அதைச் சுத்தறதுக்குக் குடுத்தது. அது எங்க வீட்டோடதுங்க."

கீழே சிலர் சிரித்தார்கள். மேல்மாடத்தில் விசிறிகள்கூட நின்றுபோயிருந்தன. கெய்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோடையின் கடைசியில் தீர்ப்பு வந்தது. ஆனிஸும் இன்னும் சில பிள்ளைகளும் வெள்ளையர் பள்ளியில் சேரலாம். அதில் எலும்புக்கூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு பள்ளியும் சமமாகவே இருந்தாலும் பிரித்து வைப்பது தப்பு, பத்து வருஷம் முன்பே முடிந்த விஷயம் என்று நீதிபதி எழுதியிருந்தார். கெய்தர் சொன்ன பொய்யும் யாருக்கும் தேவைப்படவில்லை, அப்புறம் சொன்ன நிஜமும் தேவைப்படவில்லை.

ஆனால் அது பிறகு. அன்று நீதிமன்றப் படிகளில் ஹக்கபி அவரைத் தாண்டிப் போகும்போது நிற்காமலே, "லூசியஸ், ஆபீஸ் சாவியை நாளைக்குக் குடுத்துடு," என்றார். இருபது வருஷப் பட்டத்தைப் பிடுங்க அவருக்கு ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை.

படிகளுக்குக் கீழே வெர்லீன் நின்றுகொண்டிருந்தாள். கெய்தர் தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்துவிடப் பார்த்தார்.

"புரொபசர்."

"என்னை அப்படிக் கூப்பிடாதம்மா."

"வேற எப்படிக் கூப்பிடறது? எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நீங்கதானே." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சின்ன வயசுலேந்து கேக்கணும்னு நெனச்சது. தொடத்தான் விடமாட்டீங்களே, அப்புறம் எதுக்கு எங்களைக் கை கழுவ வச்சீங்க?"

கெய்தர் கோட்டுப் பையில் எதையோ தேடுவதுபோல் கையை விட்டுக்கொண்டார்.

வெர்லீன் அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு, பேச்சை மாற்றி அவரைக் காப்பாற்றுகிறவள் போல, "சாமுவேல்னு சொன்னீங்களே," என்றாள். "நம்ம ஸ்கூல்ல அப்படி யாரும் இல்லையே. யாரு அது?"

"எங்கப்பா," என்றார் கெய்தர்.

வெர்லீன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.