மதில் தாங்கும்

இளவரசி வேஷம் அவளுக்குத்தான் என்று இரண்டு மாதமாகப் பேச்சு. வசனம் முழுக்கத் தலைகீழாகச் சொல்வாள். அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது இயக்குநர் அவளை மேடையோரம் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அந்தக் கோட்டை மதிலு வெறும் பலகை. நீ ஏறி நின்னா தாங்காது. நீ பேசாம சமையக்காரி வேஷத்த எடுத்துக்க. நடந்து வந்தாலே ஜனம் சிரிச்சிரும்."

எட்டு வருஷத்தில் சமையல்காரி மூன்று தடவை, மாமியார் நாலு தடவை. முதல் மாமியார் வேஷம் போட்டபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. இந்தத் தடவையும் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போனாள்.

மதிலுக்கு அடியிலிருந்து தச்சர் தவழ்ந்து வெளியே வந்தார். வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பினார்.

"யாரு சொன்னா தாங்காதுன்னு? நேத்து நாங்க மூணு ஆம்பளைங்க ஏறிக் குதிச்சுப் பார்த்தோம். ஒரு ஆணி அசையல. என் வேலையில என்ன குறை கண்டீங்க சார்?"

இயக்குநர் அவசரமாகக் கையசைத்தார். "உன்னைச் சொல்லலப்பா. எதிரித் தளபதி இவளைப் பார்த்த உடனே மயங்கணும். பார்க்கிறவங்க நம்பணும்ல?"

"அப்படிச் சொல்லுங்க! அதுக்கு எதுக்குப் பாவம், பலகை மேல பழி?" என்றவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள்.

"இறங்கும்மா, விளையாடாத."

"இறங்க மாட்டேன் சார். காட்சியப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க." கீழே டீயும் கையுமாக நின்ற தளபதியைப் பார்த்தாள். "தம்பி, வா."

"அக்கா, சார் இன்னும்..."

"மேடையில அக்கான்னு கூப்பிட்ட, மேலருந்தே உதைப்பேன்."

விளக்குப் பையன்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்து விட்டாள்.

"என் ஊரைத் தொட வந்தவன் எவன்? முகத்தைக் காட்டு!"

குரல் கடைசி வரிசை நாற்காலிவரை போய் முட்டியது. தளபதி அண்ணாந்து பார்த்தான். வாய் திறந்தது, வசனம் வரவில்லை. யாரோ எடுத்துக் கொடுத்த பிறகும் தடுமாறித்தான் சொன்னான்.

"போதும்," என்றார் இயக்குநர்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மதிலின் விளிம்புக்கு வந்து அடுத்த வசனத்தை ஆரம்பித்தாள்.