ஒன்பதுக்கு முன்னால் பத்து

காபி ஆறும்வரை நாலு பக்கம் படிக்கலாமே என்று அந்தப் புத்தகத்தைத் திறந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. முந்தின பக்கத்தில் வலையில் சிக்கிச் செத்துப்போன நீர்நாய், அடுத்த பக்கத்தில் வெள்ளத்தில் நீந்திக்கொண்டிருந்தது. பக்க எண்ணைப் பார்த்தாள். நூற்று அறுபதுக்கு அடுத்து நூற்று இருபத்தொன்பது. அடக் கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சவரம் செய்துகொண்டிருந்த கணவன் கண்ணாடியிலிருந்து திரும்பி, காபியில் ஈ கீ விழுந்துவிட்டதா என்று கேட்டான். ஈ விழுந்திருந்தால் எடுத்துப் போட்டிருக்கலாம்.

பைண்டிங் கடையில் அவளுக்கு ரயிலக்கா என்று பெயர். அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாள்களைப் பதினாறு பக்கமாக மடித்தால் ஒரு ஃபாரம். இந்த நாவலுக்குப் பதினோரு ஃபாரம். நீள மேசையில் பதினோரு அடுக்காக வரிசையாக வைத்து, மேசையைச் சுற்றி நடந்தபடியே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்றை உருவிச் சேர்க்கவேண்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புத்தகம். மற்றவர்கள் இரண்டு சுற்று வருவதற்குள் அவள் மூன்று வருவாள், அதனால்தான் ரயில். இருபத்திரண்டு வருடத்தில் தடம் புரண்டதே இல்லை என்று அவளே நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

புரண்டது எப்போது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாவலுக்குப் பெரிய பரிசு கிடைத்து, கடைகளிலெல்லாம் தீர்ந்துபோய், அவசர அவசரமாக மறுபதிப்பு வந்த திங்கட்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் பத்தாவது ஃபாரம் ஒன்றை எடுத்துவைத்துப் படித்தாள். சும்மா, தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்றுதான். ஆற்றங்கரையில் ஒரு சிறுமி, யாருக்கும் அடங்காத ஒற்றைக்காது நீர்நாய் ஒன்று. அது அன்றைக்கு என்ன செய்தது என்று நோயில் படுத்துக்கிடக்கும் தம்பிக்குத் தினமும் கதையாகச் சொல்வாள் அந்தப் பெண். பத்தாவது அத்தியாயத்தில் அது வலையில் மாட்டிச் செத்துப்போகிறது. சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே இருக்க ரயிலக்கா மூக்கைச் சிந்தினாள். மணி அடித்ததும் ஓடிப்போய், காலியாகிவிட்ட அடுக்குகளுக்குப் புதுக்கட்டுகளைப் பிரித்து வைத்தபோது கண் சரியாகத் தெரியவில்லை. ஒன்பதின் இடத்தில் பத்து, பத்தின் இடத்தில் ஒன்பது. அந்தக் கட்டு தீர்ந்து அடுத்த கட்டு பிரிக்கும்வரை நாற்பத்தொரு புத்தகம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஓர் அத்தியாயம் என்று கச்சிதமாகப் படம் போட்டு நிரப்பியிருந்தார்களா, பாதி வாக்கியத்தில் அறுந்து தொங்கிக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லாமல் போயிற்று. அட்டை நசுங்கிக் கழிவுக்குப் போன ஒன்றுதான் இவள் கையில் இருந்தது. மற்ற நாற்பதும் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குப் போயாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எழுத்தாளரே அங்கே வந்து பிள்ளைகளோடு பேசப்போகிறார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கடைக்கு ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னாள். அவர் கத்துகிற ஆள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. போன வருடம் இரண்டு தடவை அட்டை பிரிந்துபோனதற்குப் பதிப்பகத்தார் கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அந்த வேலை கைவிட்டுப்போனால் கடையில் பாதிப்பேருக்கு மேசையே இருக்காது. அவர் உள்ளே போய் நாற்பது நல்ல பிரதிகளை இரண்டு பைகளில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

“பதினோரு மணிக்குத்தான் அந்தம்மா வர்றாங்க. அதுக்குள்ள சத்தமில்லாம மாத்திட்டு வந்துடு. மாத்திட்டேன்னா வழக்கம்போல வேலைய பாரு. இல்லன்னா…” என்றவர் அதற்குமேல் சொல்லவில்லை. நல்ல மனிதர், அதனால்தான் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

இரண்டு பக்கமும் பை இழுக்க, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. நூலகத்து டீச்சர் ஒல்லியான, சிரித்த முகக்காரி. விஷயத்தைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாரும் இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டார்களாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். உள்ளே நாற்பது பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்திருந்தார்கள். சுவரெல்லாம் அவர்கள் வரைந்த நீர்நாய்கள். ஒன்றுகூட வலைக்குள் இல்லை. எல்லாமே வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தில் நீந்தின.

டீச்சர் பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். புத்தகத்தில் சின்னப் பிழை இருக்கிறது, இந்த அக்கா புதுசு கொண்டுவந்திருக்கிறார்கள், வரிசையாக வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னவள் மட்டும் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எங்களுக்குத் தெரியும் டீச்சர். பக்க நம்பர்தான் தப்பா போட்டிருக்காங்க. கதை சரியாத்தான் இருக்கு.”

ரயிலக்கா பையின் வாயைப் பிரித்துக்கொண்டே குனிந்திருந்தாள். நிமிர முடியவில்லை. எப்படி சரி என்று மெதுவாகக் கேட்டாள். சின்னவள் இதுகூடத் தெரியாதா என்பதுபோல் விளக்கினாள். அது செத்துத்தான் போச்சாம். ஆனால் அதோட குட்டிகள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதாம். அந்தக்கா தம்பியிடம் கதை சொல்லச்சொல்ல அது திரும்ப வந்ததாம். வந்து ஒவ்வொரு குட்டியாகப் பாறைக்கு மேலே கொண்டுபோய் விட்டதாம். அதற்காகத்தான் கதை சொல்வதாம்.

இருபத்திரண்டு வருடமாக எத்தனை லட்சம் கதைகளைக் கையால் தொட்டிருப்பாள். எதற்காக என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த நாற்பது பேரிடமிருந்தும் அதைப் பிடுங்கிக்கொண்டு, செத்தது செத்ததுதான் என்று எழுதியதைக் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வேலை போனால் போகட்டும் என்றெல்லாம் வீரமாக நினைக்க அவளுக்கு வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பையிலிருந்து ஒரு புத்தகத்தையும் வெளியே எடுக்கக் கை வரமாட்டேன் என்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுத்தாளர் வந்து நின்றார். உயரமான, வெயிலில் கறுத்த பெண்மணி. ஆற்றில் நீர்நாய்களைக் கணக்கெடுக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் என்று புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருந்தது. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவர் சுவரைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இது செத்துப்போனதுக்கு அப்புறம் நடக்கறது என்று சின்னவள் அவருக்கும் விளக்கினாள். அவர் முகம் மாறியது. கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, தன் கதையையே யாரோ எழுதினதுபோல் படிக்க ஆரம்பித்தார். நூற்று அறுபது. நூற்று இருபத்தொன்பது.

கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

“நிஜத்துல அந்த வலைய அறுத்து எடுத்தது நான்தான்” என்றார் பிள்ளைகளிடம். “அந்த வருஷமே வெள்ளம் வந்துச்சு. குட்டிங்க என்ன ஆச்சுன்னு தேடித்தேடிப் பார்த்தேன், தெரியல. அதனால வெள்ளத்த முன்னாடி கொண்டுபோய் வெச்சுட்டேன். குட்டிங்களோட அம்மா உயிரோட இருக்கும்போதே வந்துட்டுப் போகட்டும்னு.” கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு டீச்சரைப் பார்த்துக் கேட்டார். “இத யாரு இப்படி அடுக்கினது?”

டீச்சர் கண்ணாலேயே ரயிலக்காவிடம் வேண்டாம் என்றாள். அச்சகத்துத் தவறு, யாரோ, எங்கேயோ என்று சொன்னால் முடிந்துவிடும். முதலாளி பெயர் வராது, கடை பெயர் வராது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குப் பதிலாக, என்ன நினைத்தாளோ, பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் செய்வதுபோல் கையைத் தூக்கிவிட்டாள்.

நாற்பது தலையும் திரும்பியது. எழுத்தாளர் அவளையே பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார்.

“இங்க வந்து உக்காருங்க. எப்படின்னு நீங்களே சொல்லுங்க.”

சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலி. உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தது. பிள்ளைகள் தரையில் தேய்த்துக்கொண்டே கிட்டே வந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டார்கள். நாற்பது பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கமே இல்லாத விஷயம்.

“அன்னைக்கு மத்தியானம்” என்று ஆரம்பித்தாள், “என் கையில சோறு இருந்துச்சு.”

சின்னவள் வாயைப் பிளந்தபடி இன்னும் ஒரு முழம் முன்னால் நகர்ந்தாள்.